கொத்தனார் இடித்த ஊர்

ஒரு ஊரையே இடித்துத் தள்ளிவிட்டோம் என்று புரிந்ததும் கொத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேலை முடிந்து வந்த அலுப்பில் கரணைப் பையை மேஜை மேல் தொப்பென்று போட்டிருந்தார். அங்கே கிடந்ததைத் துவைத்த துணிக் குவியல் என்று நினைத்தார். அந்தத் துணிக்கு அடியில்தான் மகளின் களிமண் நகரம் இருந்தது.

துணியை விலக்கினார். சுவர்கள் சரிந்து, களஞ்சியத்தில் பாதி காணாமல் போய், தெருவெல்லாம் மண் மூடிக் கிடந்தது. பை விழுந்தது இந்த ஓரம். அந்த ஓரத்து வீடுகளும் அல்லவா போயிருக்கின்றன! 'பாவி, என்ன கனம் தூக்கிப் போட்டேன்' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாளைக் காலை கண்காட்சி. சமூக அறிவியலுக்குப் பள்ளியிலிருந்து இவர் மகள் ஒருத்திதான் போகிறாள். போன வருஷம் அவள் செய்த எரிமலை மேல் இவர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாவமே இன்னும் கரையவில்லை.

கைபேசி அடித்தது. தையல் கடையிலிருந்து மனைவி.

"என்னங்க, வந்துட்டீங்களா? அவ அட்டை வாங்கப் போயிருக்கா, இருட்டறதுக்குள்ள வந்துடுவா. மேஜைப் பக்கம் போயிடாதீங்க. மேல தூசி இருந்தாக்கூடத் தட்ட வேணாம்னு சொல்லச் சொன்னா."

"நான் ஏன் அந்தப் பக்கம் போறேன்?" என்றார். பொய்யைச் சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தார்.

அவள் வருவதற்குள் கட்டிவிட வேண்டும். நகரம் எப்படி இருந்தது? தினமும் படுக்கையில் அவள் சொன்னதுதான் கதி.

"ஆத்தங்கரையிலதாம்ப்பா முதல்ல ஊரு உண்டாச்சு. வெள்ளம் வந்து வண்டல் மண்ணைக் கொட்டிட்டுப் போகும். அதுல விளைஞ்சு மிஞ்சினதை வைக்கக் களஞ்சியம். அப்புறம் நேர்நேரா தெரு, மூடின சாக்கடை... அதுக்கப்புறம் என்னாச்சு தெரியுமா?"

அதற்கப்புறம் என்ன ஆனது என்று இவருக்குத் தெரியாது. 'ம்' கொட்டிக்கொண்டே தூங்கிப்போயிருப்பார். பெற்ற பெண் பேசுவதைக்கூட முழுசாகக் கேட்காத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டு களிமண்ணைப் பிசைந்தார்.

மாடி மாடியாகக் கட்டியவர் உள்ளங்கை அகல வீட்டை விரல் நுனியால் கட்டினார். நூலில் சட்டைப் பொத்தானைக் கட்டித் தூக்குக்குண்டு பார்த்தார். சுவர்கள் நிமிர்ந்தன. தண்ணீர் ஓடச் சாக்கடைக்கு வாட்டம் வைத்தார். தெரு மண்ணைப் பெருக்கி எடுத்தார். களஞ்சியத்துக்குப் பூச்சு வேலைகூட முடிந்தது. நகரம் குடிபோகலாம் போல இருந்தது. பழையபடி துணியைப் போட்டு மூடினார்.

மகள் வந்தாள். துணியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"கண்ணு, அப்பாதான்மா... தெரியாம பையைத் தூக்கிப் போட்டுட்டேன். எல்லாம் இடிஞ்சு போச்சு. அப்பாவை என்ன வேணா திட்டு. ஆனா பாரு, ஒரு சுவர் விடாமக் கட்டிட்டேன். இனிமே நூறு வருஷத்துக்கு அசையாது!"

அவள் நகரத்தைப் பார்த்தாள். அப்பாவின் விரலெல்லாம் ஒட்டியிருந்த களிமண்ணைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"இது மண்ணுக்கடியிலேருந்து தோண்டி எடுத்த ஊருப்பா... ஒரு வாரமா பார்த்துப் பார்த்து இடிச்சு வெச்சிருந்தேனே!"