கூரையில் ஒரு விமர்சகர்

“தம்பி, அசையாதை! இப்பதான் கண்ணாடி மாதிரித் தெரியுது!” என்று கீழே முன்னறைக்குள்ளிருந்து அயல்வீட்டு யாகப்பர் கத்தினார்.

எட்வேட் அசையவில்லை.

குசினியின் கொங்கிறீற் கூரையில் நின்று, இரண்டு கைகளாலும் அன்ரனாக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி, ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் படம். இந்தப் பேசாலைக் கரைக்கு யாழ்ப்பாணத்தை விட இந்தியா கிட்ட. என்றாலும் காற்றுக் கொஞ்சம் புரண்டால் போதும், கதாநாயகி மறைந்து திரை முழுக்க எறும்பு ஓடத் தொடங்கிவிடும். அதனால் படம் ஓடும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒருவர் கம்பியோடு நிற்பார். மற்ற வீடுகளில் அந்த வேலைக்கு மருமகனோ மச்சானோ இருந்தார்கள்.

இந்த வீட்டில் நின்றவர் யாழ்ப்பாண வார இதழ் ஒன்றின் திரைப்பட விமர்சகர்.

தொலைக்காட்சிப் பெட்டி அவருடையது. கம்பியும் அவருடையதுதான். பாயிலும் கதிரையிலும் இருந்து பார்க்கிற முப்பது பேர் மட்டும் அயலட்டைச் சனம்.

அவருக்குக் கைராசி என்றார்கள். அவர் பிடித்தால்தான் படம் நிற்கிறதாம். கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தார். “போயிட்டுது” என்றார்கள். மனைவி லூசியாவின் தம்பி பஸ்ரியனை ஏற்றிப் பார்த்தார். அவன் ஏணியில் பாதி ஏறும்போதே “எறும்பு” என்றார்கள்.

மாதக்கணக்காக எட்வேட் கேட்ட படங்களுக்கு விமர்சனம் எழுதிவந்தார். பின்னணி இசை நன்று. வசன உச்சரிப்பில் தெளிவு போதாது. போன கிழமை, ஒரு கதவு சாத்தும் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு பந்தி எழுதியிருந்தார்.

இதழாசிரியர் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த விமர்சனம் படத்தைப் பார்த்தவர் எழுதியதுபோல இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வேறு ஆளுக்குப் போகும்.

ஆகவே இன்றைக்குக் கடைசிக் காட்சியையாவது எட்வேட் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

மிச்சத்தை லூசியாவிடம் கேட்டு எழுதலாம். கடைசிக் காட்சியை அவளிடம் கேட்க முடியாது. யாராவது சாகப் போகிறார்கள் என்றால் முந்தானையால் கண்ணை மூடிவிடுவாள். யாகப்பரிடம் கேட்டால் எந்தப் படத்துக்கும் ஒரே முடிவுதான்: “எல்லாரும் ஆண்டவரிட்டப் போயிட்டினம், தம்பி.”

கீழே துப்பாக்கி வெடித்தது. முப்பது பேரும் ஒன்றாக “ஐயோ” என்றார்கள். வயலின் அழத் தொடங்கியது.

“லூசியா, என்னப்பா நடக்குது?”

“சும்மா இருங்கோவன், பார்க்க விடுங்கோ!”

தன்னுடைய வீட்டில், தன்னுடைய பெட்டியில், தான் எழுதவேண்டிய படம். எட்வேட்டுக்குக் கம்பியைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போல இருந்தது.

எறும்புக்குள்ளும் நிழலாவது தெரியும் என்று நினைத்தார். கம்பியை விட்டார். பக்கத்தில் சரிந்திருந்த முன்னறைக் கூரையில் குப்புறப் படுத்து, ஓடு ஒன்றைக் கிளப்பி நகர்த்தி, அந்த இடைவெளிக்குள் முகத்தை விட்டார்.

எறும்பு ஒன்றுமில்லை.

கழுவித் துடைத்த மாதிரிப் படம். கதாநாயகியின் கழுத்துச் சங்கிலியில் மணி எண்ணலாம்.

எட்வேட் திரும்பிக் கம்பியைப் பார்த்தார். ஞானோபதேச வகுப்புப் பிள்ளை மாதிரி, அது ஆடாமல் அசையாமல் தனியே நின்றுகொண்டிருந்தது.

“தம்பி, படம் போயிட்டுது! கம்பியைப் பிடி!”

யாகப்பர்தான். பளிச்சென்றிருந்த திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார். செபமாலைக்கு மறுமொழி சொல்வதுபோல முன்வரிசையில் நாலைந்து பேர் “போயிட்டுது, போயிட்டுது” என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓட்டு இடைவெளிக்கு நேர்கீழே லூசியா அடுத்த வீட்டுத் திரேசம்மாவின் காதுக்குள் குனிந்தாள்.

“ஓடு அரக்கிற சத்தம் கேட்டது அக்கா. இறங்கப் போறார் போல. இன்னும் பலமாக் கத்தச் சொல்லுங்கோ. வந்தாரெண்டால் கமரா இஞ்ச நிண்டது, லைற் அங்க நிண்டது எண்டு காதுக்குள்ள தொடங்கிடுவார். அவரை மேல ஏத்தின பிறகுதான் நான் ஒரு படத்தை ஒழுங்காப் பார்க்கிறன்.”

எட்வேட்டுக்குத் தலை கொதித்தது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம். ஆனால் ஏணி வீட்டுக்குப் பின்பக்கம். சுற்றி வருவதற்குள் படம் முடிந்துவிடும்.

கோபத்தை ஒத்திவைத்துவிட்டுத் தலையைக் கழுத்துவரை உள்ளே விட்டார்.

சுடுபட்ட கதாநாயகன் கதாநாயகியின் மடியில் கிடந்தான். கமரா அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது.

பரவாயில்லை.

இன்னொரு வட்டம் வந்தது.

எட்வேட் உதட்டைக் கடித்தார்.

கதாநாயகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கமரா அதைக் கேட்க நிற்காமல் அவன் பிடரிப்பக்கம் போய்விட்டது. மூன்றாவது வட்டம் தொடங்கியது.

மனைவி செய்ததை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். இதைப் பொறுக்க முடியவில்லை.

“உந்தக் கமராவை நிப்பாட்டுங்கோடா! அந்த மனுசனை நிம்மதியாச் சாக விடுங்கோடா!”

சத்தம் கூரையிலிருந்து இடிபோல விழுந்தது. முப்பது தலையும் ஒன்றாக மேலே திரும்பின. திரேசம்மா சிலுவை போட்டாள். யாகப்பரின் வாய் வெற்றிலையோடு திறந்தபடி நின்றது. லூசியா முந்தானையை விலக்கி அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே புருசனின் தலை, சிவந்துபோய்த் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் திரும்பவும் பெட்டியைப் பார்த்தபோது அதில் ‘வணக்கம்’ போட்டிருந்தது.

அன்றைக்குக் கதாநாயகன் செத்ததை அந்த வீட்டில் பார்த்தவர் எட்வேட் ஒருவர்தான்.