எலுமிச்சம்பழத்தின் விட்டம்

புத்தூர்க் கல்லூரியின் இயற்பியல் லேபில் தாமோதரன் சார் அன்று போலீஸ் அவதாரம் எடுத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேஜைமேல் குவிந்திருந்த தாள்களை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"திருட்டுப் பசங்களா! பத்தொன்பது பேரு, ஆளுக்கு அஞ்சு தடவ அளந்துகீறீங்க. அத்தனையும் 4.12 சென்டிமீட்டர். எவன் தாளப் பார்த்து எவன் காப்பி அடிச்சான்?"

அன்றாடப் பொருள் ஒன்றை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அளவில் வரும் பிழையைக் கணக்குப் போடவேண்டும். அதுதான் பரிசோதனை. திங்கட்கிழமை சார் செய்து காட்டியபோது, தங்கச்சி மகள் கல்யாண லட்டை வெர்னியரின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து அளந்தார். அளந்த கையோடு, ஒருத்தருக்கும் ஒரு துணுக்குகூடக் கொடுக்காமல் தானே தின்று தீர்த்தார். மறுபடி லட்டு வைத்தால் பசங்க விட்டுவைப்பார்களா? அதனால் புதன்கிழமை எலுமிச்சம்பழம்.

லேபில் இருப்பதே ஒரே ஒரு வெர்னியர். "பூ மாதிரி புடிங்க. இழுத்துக் கிழுத்து ஒடச்சீங்க, உங்க கைய நான் ஒடச்சிடுவேன். புத்தூர் கட்டு பக்கத்துத் தெருவுலதான் கீது" என்று முதலிலேயே மிரட்டி வைத்திருந்தார்.

"எலுமிச்சம்பழம் இன்னா கோலிகுண்டா? இப்டிப் புடிச்சா ஒரு அளவு, அப்டிப் புடிச்சா ஒரு அளவு வரும். துளி வித்தியாசம்கூட இல்லன்னா அது காப்பிதான்!"

முதல் பெஞ்சு காவ்யா எழுந்தாள். "நிஜங்கா சார், யாரும் யாரயும் பார்த்து எழுதல. வெர்னியர்ல இன்னா தெரிஞ்சுதோ அத்தான் எழுதனோம்."

"கத அளக்காத! பத்தொன்பது பேருக்கும் ஜீரோ. ஒருத்தரும் செமஸ்டர் எழுத முடியாது."

காவ்யா அழுதேவிட்டாள். "செமஸ்டர் போச்சுன்னா நைனா என்னக் கட்டிக் குடுத்துடுவாரு சார். கார்வேட்டிநகரத்துல மாப்ள ரெடியா கீறாரு."

"பத்திரிக வை, வர்றேன். லட்டு போடுவாங்க இல்ல?"

பிறகு சார் இருபதாவது தாளை எடுத்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"உதயாவப் பாருங்க! கேன்டீன்லேர்ந்து கடைசியா வந்தான், மொதல்ல முடிச்சுட்டான். 4.08, 4.15, 4.11, 4.17, 4.09. இதுதான்டா எலுமிச்சம்பழம்! சராசரி இன்னா? 4.12. இவன் சராசரியத்தானே எல்லாரும் சுட்டுகீறீங்க?"

தன் பாக்கெட்டில் இருந்த தங்க மூடிப் பேனாவை உருவி உதயாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு ஆளாவது யோக்கியன் இருக்கிறானே என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

காவ்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெர்னியரையும் பழத்தையும் கொண்டுவந்து நீட்டினாள். "நீங்களே அளந்து காட்டுங்க சார். வேற அளவு வந்தா ஜீரோ போட்டுக்கோங்க."

"அவ்ளோதானே?" சார் சிரித்தபடி வாங்கித் தாடையை நகர்த்தினார்.

நகரவில்லை. இழுத்தார். ம்ஹூம். பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலில் வைத்து அழுத்தி இழுத்தார். ம்ஹூம். 4.12-ஐ விட்டு மயிரிழை அசையவில்லை. இடுக்கில் சர்க்கரைப் பாகு கல்லாய்க் காய்ந்திருந்தது. ஒரு எறும்பு பூந்தித் துணுக்கைத் தூக்கிக்கொண்டு அவர் கட்டைவிரல்மேல் ஏறியது.

"என் லட்டு..." என்றார் சார், ஈனசுரத்தில். ஆக, திங்கட்கிழமையிலிருந்து தாடை அசையவே இல்லை. பத்தொன்பது பேரும் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அசையாத வெர்னியரில் ஐந்து விதமான அளவுகளைக் கண்டுபிடித்த உதயா, பரிசுப் பேனாவைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவுப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தான்.