கூரை பார்த்த கண்ணாடி

“இன்னாண்ணா, இன்னிக்கும் அதே டேபிள்தானா?” என்று பேக்கரி டில்லிபாபு சத்தமாகக் கேட்டுத் தொலைத்தான்.

கொம்பையாவுக்குக் காது மடல் சுட்டது.

விளாத்திகுளத்திலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்திருந்த சுடலைக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் அவருடைய அக்கா மகள் செல்வலட்சுமியும் நின்றாள்.

“அதே டேபிள்னா?” என்றார் அவர். அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷனே இருந்தது.

மாமா என்றால் அவசரப்படுகிறான் என்பார்கள். சார் என்றால் இன்டர்வியூ ஆகிவிடும். கொம்பையா நடுவில் ஒன்றைப் பிடித்தான். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி ஆறு பொண்ணு பாத்தது இங்க வச்சுதான்.”

சொன்ன பிறகுதான் அது விளக்கமல்ல, வாக்குமூலம் என்று உறைத்தது.

வேறு இடமும் கிடையாது. செல்வலட்சுமி தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்குள் ஆம்பளை நுழைய முடியாது. அவன் ரூமில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமையானாலும் எவனாவது ஒருத்தன் ஷிஃப்ட் முடிந்து வந்து நடுவீட்டில் மல்லாந்து கிடப்பான். ஆகவே ஸ்ரீபெரும்புதூர் பேக்கரி, முட்டை பஃப், பெண் பார்க்கும் படலம்.

ஆறும் முறிந்தது ஒரே காரணத்தால்தான். கொம்பையா டிரைவர்.

டிரைவர் என்றால் ஸ்டாப்புக்கு ஒரு வீடு வைத்திருப்பான் என்றார்கள். ஒரு பெண்ணின் அப்பா இன்னும் கறாராக, ஆறு டயருக்கு ஆறு தொடுப்பு என்று கணக்கே சொன்னார். இவனோடு தினமும் பேசுகிற ஒரே பெண் போனில் வழி சொல்கிறவள். அவளும் திரும்பு, திரும்பு என்றுதான் சொல்வாளே தவிர, சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் யாரையும் குறை சொல்ல அவனுக்கு வாயில்லை. நர்ஸ் என்றால் நைட் டூட்டி, பியூட்டி பார்லர் என்றால் மினுக்கி என்று அவன் அம்மாவும் இரண்டு ஜாதகங்களைத் திருப்பி அனுப்பியவள்தான். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியது இதே கொம்பையா.

சுடலைக்கண்ணு பஃபைக் கையில் எடுத்தார். “கம்பெனி பஸ்ஸுன்னா ஏறுறது ஆம்பளையா, பொம்பளையா?”

“லேடீஸ் ஹாஸ்டல் வண்டி அண்ணாச்சி.”

“எத்தனை பேரு?”

“ஐம்பத்திரண்டு.”

பஃப் தட்டுக்குத் திரும்பியது.

இந்தக் கட்டத்துக்காகவே கொம்பையா ஒரு சாட்சி வைத்திருந்தான். போனை எடுத்து நீட்டினான். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் உள்கண்ணாடியின் போட்டோ. கண்ணாடி மேல்நோக்கித் திரும்பி, பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பதினோரு மாசமா இப்படித்தான் அண்ணாச்சி. நிமிந்தா எனக்குக் கூரைதான் தெரியும். ஏறும்போதும் எல்லாரும் தூசிக்கு மூஞ்சிய மூடிருப்பாக. ஒருத்தி முகமும் எனக்குத் தெரியாது.”

“போட்டோ எடுக்கதுக்காகத் திருப்பி வச்சிருப்பான்” என்று சுடலைக்கண்ணு செல்வலட்சுமியிடம் சொன்னார், எதிரே ஆளே இல்லாத மாதிரி.

அதுவரை டீயில் ஏடு படிவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள்.

“இல்ல மாமா, நெசந்தான். ஒரு வருஷமா நானும் அந்த பஸ்லதான் வேலைக்குப் போறேன்.”

டேபிளில் டீ சிந்தியது. சிந்தியது கொம்பையாவின் டீ.

“இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே தாயி!”

அவள் கொம்பையா பக்கம் திரும்பினாள். “என்னத் தெரியுதா?”

கொம்பையா சிந்திய டீயைத் துடைத்தான். “தெரியலையே.”

சுடலைக்கண்ணு டேபிளைத் தட்டினார். “ஒரு வருஷம் ஏத்தி எறக்கியிருக்கான், நம்ம புள்ளையத் தெரியலைங்கான்! பய சொக்கத் தங்கம்லா!”

பெண்ணைத் தெரியாது என்று சொல்லியே பாஸான மாப்பிள்ளை அநேகமாக இவன் ஒருத்தன்தான். அவர் பஃபை இரண்டே கடியில் முடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“கண்ணாடி மேல போனதுக்கு முந்தின நாள், ஒரகடம் சிக்னல்ல பச்சை விழுந்தும் நீங்க வண்டிய எடுக்கல. பின்னால ஒரே ஹாரன். கண்ணாடியில யாரப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

கொம்பையா பழக்கதோஷத்தில் கூரையைப் பார்த்தான். ஒரு ஃபேன், கொஞ்சம் ஒட்டடை. பதினோரு மாசமாகக் காப்பாற்றிய கூரை இன்றைக்குக் கைவிட்டது.

கண்ணை மெல்லக் கீழே இறக்கினான்.

“மூணாவது வரிசை. ஜன்னலோரம். மழை பெஞ்சாலும் சாத்தாத ஜன்னல்.” போனைக் கவிழ்த்து வைத்தான். “அப்படியே பாத்துக்கிட்டு ஓட்டியிருந்தா ஐம்பத்திரண்டு பேரும் வீடு போய்ச் சேந்திருக்க மாட்டீங்க. அதான் திருப்பிட்டேன்.”

செல்வலட்சுமி துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு மழை எதுவும் இல்லை.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி சுடலைக்கண்ணு வந்தார். “என்ன தாயி, நீ என்ன சொல்லுத?”

“இவுக பொய் சொல்லுதாக மாமா.”

டில்லிபாபு கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான். ஏழாவதும் போச்சு என்று கொம்பையா போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“ஆனா அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியல” என்றாள். “எனக்குச் சம்மதம்.”