ஒரு நாள்கூடத் தவறாத ரசிகர்

சேனல் அதிகாரி பூங்கொத்தும் கையுமாக அந்த வீட்டுக்குள் நுழைந்தார். கூடத்தில் சுவரில் மாட்டிய டிவியைத் தவிர வேறெதுவும் இல்லை; உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. டிவி மேல் இப்படி ஒரு பக்தியா என்று அவருக்குப் புல்லரித்தது.

"எங்க காமெடி துப்பறியும் தொடர் ஊத்திக்கிச்சும்மா," என்றார், நின்றபடியே. "பார்த்தவங்க எல்லாம் காறித் துப்பினாங்க. ஆனா உங்க டிவியில நாங்க மாட்டின கணக்கெடுப்புப் பெட்டி என்ன சொல்லுது தெரியுமா? மூணு மாசமா தினமும் எட்டு மணிக்கு ஆன், எங்க தொடர் முடிஞ்சதும் ஆஃப். அதைக் காட்டித்தான் முதலாளிகிட்ட அடுத்த சீசனே வாங்கினேன்!"

வீட்டம்மா பூங்கொத்தை வாங்காமல் கணவரைப் பார்த்தார்.

"சார், மூணு மாசமா நாங்க மகள் வீட்டுல இருந்தோம்," என்றார் கணவர். "நேத்துதான் வந்தோம்."

"அப்போ பார்த்தது யாரு?"

"எவனோ திருடன் பின்கதவை உடைச்சு பீரோ, கட்டில், நாற்காலின்னு துடைச்சு எடுத்துட்டுப் போயிருக்கான். டிவியை மட்டும் ஏன் விட்டுவச்சான்னு போலீஸே மண்டையைப் பிச்சுக்குது."

அதிகாரி டிவியையும் காலிக் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் வீட்டுல ரிமோட் பொண்டாட்டி கையில போல, அதான் தினமும் இங்க வந்து பார்த்திருக்கான்," என்றார் வீட்டம்மா நிதானமாக. "புது சீசன் என்னைக்கு சார்?"

"வர்ற திங்கக்கிழமை, எட்டு மணிக்கு."

"ஏங்க, அன்னிக்கு ஏழரைக்கே வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவோம். போலீஸை மாடியில ஒளிஞ்சிருக்கச் சொல்லுங்க."

அதிகாரி பதறிப்போய்ப் பூங்கொத்தோடு கைகூப்பினார்.

"அம்மா, அவரைப் பிடிச்சுக் குடுத்துடாதீங்கம்மா! எங்களுக்குன்னு இருக்கறது அந்த ஒருத்தர்தான்!"