ஊர் போட்ட கோட்டு

போட்டோக் கடையின் உள்ளறையில் குடை விளக்கு மெல்ல முனகிக்கொண்டே எரிகிறது. ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டைக் கடைக்காரர் எடுத்து உதறுகிறார். பூச்சி உருண்டை வாசனை எழும்புகிறது. ஆலை மூடி, தெரு மொத்தமும் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அவர் சொந்தச் செலவில் தைத்து வைத்த கோட்டு அது. மனுவுக்குப் படம் எடுக்க வருகிற யாருக்கும் இரவல். எல்லோருக்கும் ஆகட்டும் என்று பெரிதாகத் தைத்தார். ஒருவருக்கும் சரியாக இருந்ததில்லை. இப்போது வேலை மனுவுக்குப் படம் எடுக்க வந்து, அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முதுகுப்பக்கம் தொளதொளப்பைச் சேர்த்து மடித்து, துணி கிளிப்புகளை மாட்டுகிறார். கதவோர ஸ்டூலில் இருக்கும் அவளுடைய அப்பா சிரிக்கிறார். "முன்னால பாத்தா மேனேஜர், பின்னால பாத்தா துணிக்கொடி. அன்னிக்கு எனக்கும் இதே கதிதான் அண்ணே." "உனக்கு இன்னும் ரெண்டு கிளிப்பு கூடப் போட்டேன். அப்ப அவ்வளவு ஒல்லி நீ" என்கிறார் கடைக்காரர். "சாப்பாடு அப்படி" என்கிறார் அப்பா. கடைக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிகிறார். "மூச்சைப் பிடிச்சுக்கோம்மா. அசைஞ்சா கிளிப்பு தெறிச்சிடும்." மகள் நிமிர்கிறாள். ஸ்டூலில், படத்தில் விழப்போகாத அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்.