வாய்க்குச் சர்க்கரை

அவள் சர்க்கரை டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சொல்லுங்க மைனி. எம்மவளுக்கு டெல்லி கெடச்சிருமா?"

காலையிலிருந்து இதே கேள்விதான். பால்காரர், சிலிண்டர் கொண்டுவந்தவர், வீடு மாறி வந்த கூரியர்காரர். ஒருவரையும் விடவில்லை.

டெல்லியில் பெரிய காலேஜ். யாருக்கெல்லாம் இடம் என்ற பட்டியல் அன்று சாயங்காலம் வரவேண்டும். மகள் சன்மதி மத்தியானத்திலிருந்து செல்போனோடு மொட்டைமாடியில் இருந்தாள். அந்த வீட்டில் சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

நாங்கள் அந்த வாசலை ஒட்டிய தெருக்குழாயடியில் இருந்தோம். தண்ணீர் வருகிற நேரம். வராவிட்டாலும் இருந்திருப்போம்.

செல்லக்கனி மைனி குடத்தைக் கீழே வைத்தாள்.

"கெடைக்காம? இவ எடுத்த மார்க்குக்கு டெல்லியே எந்திரிச்சு வந்து கூட்டிட்டுப் போவும்."

நல்ல வார்த்தை.

இப்படி ஒன்றைக் கேட்டால் உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் என்போம். சொல்வதோடு சரி. எங்கள் தெருவில் இவள் ஒருத்திதான் நிஜமாகவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் நல்லது சொன்னாலும் ஒரு கரண்டி உண்டு.

மைனி உள்ளங்கையை நீட்டியே விட்டாள்.

மூடி திறக்கவில்லை.

"அப்படியா சொல்லுதிய," என்றாள். அவ்வளவுதான்.

மைனி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஏதோ ஒட்டியிருந்ததைப்போல.

விலைவாசி, என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அடுத்து தேவசகாயம் சார் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்று கணித்துச் சொல்வது அவர்தான். போன வருஷம் முத்துப்பாண்டி மகனுக்குக் கிண்டி நிச்சயம் என்றார். பையன் இப்போது படிக்கிற காலேஜின் பெயர் அந்த வழியாகப் போகிற பஸ் கண்டக்டருக்கே தெரியாது. ஆனாலும் சாரிடம் கேட்காமல் யாரும் பிள்ளையை எங்கேயும் சேர்ப்பதில்லை.

மார்க் என்ன என்று கேட்டார். தெருவில் நாய்க்கும் மனப்பாடமான மார்க். அவள் மறுபடியும் சொன்னாள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரல் மடக்கினார். வானத்தைப் பார்த்தார்.

"கஷ்டம்தாம்மா. போன வருஷமே கட்-ஆஃப் இதுக்கு மேல போய் நின்னுட்டு. நம்ம ஊர்க் காலேஜ்தான். ஒண்ணும் கெட்டுப்போவல. சாயங்காலம் காபி குடிக்க பிள்ளை வீட்டுக்கு வந்திருவா."

மூடி திறந்தது.

ஒரு கரண்டி. குவித்து.

சாருக்குச் சர்க்கரை வியாதி. அது அவளுக்கும் தெரியும். தான் சொன்னது விளங்கவில்லையோ என்று சார் சத்தமாக இன்னொரு முறை சொன்னார்.

"கெடைக்காதும்மா."

இன்னொரு கரண்டி.

விலைவாசி இல்லை.

அந்த வீட்டில் இரண்டே பேர். ஒரு தட்டு குறைந்தால் மீதி ஒரு தட்டு.

மகளைப் படி படி என்று விடியுமுன் எழுப்பியது இவள்தான். கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தது இவள்தான். டெல்லிப் பரீட்சைக்கு மதுரை வரை கூடப் போய், வெயிலில் காத்திருந்து, வரும்போது ஸ்வெட்டர் ஒன்றும் வாங்கி வந்தாள். அங்கே குளிருமாம். வாரம் ஒரு தடவை அதைத் துவைத்துப் போடுவாள். பாளையங்கோட்டையில் ஸ்வெட்டர் காய்கிற மொட்டைமாடி அது ஒன்றுதான்.

தற்செயலாகத்தான் அண்ணாந்து பார்த்தேன். நம்புங்கள்.

மாடியில் சன்மதி குதித்தாள்.

கொடியில் கிடந்த ஸ்வெட்டரை இழுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். மறுபடியும் குதித்தாள். சத்தமே இல்லை.

மைனியும் பார்த்தாள். சார் கையிலிருந்த சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்மதியின் அம்மா மாடிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

படியில் தடதடவென்று கால் சத்தம்.

கடைசிப் படியில் நின்றது.

சன்மதி சாரின் உள்ளங்கையைப் பார்த்தாள். திறந்த டப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"லிஸ்ட்டு வந்துட்டா?"

போன் துப்பட்டாவுக்குள் போனது.

"இன்னும் வரலம்மா. நாளைக்குக் காலைலதானாம்."

அம்மா மூச்சு விட்டது குழாயடி வரை கேட்டது. ஒரு ராத்திரி கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியேக்கா?"

இந்தத் தெருவில் எந்தச் செய்தியும் என்னைக் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. பாத்திரக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் முறிந்ததை அவருக்கே நான்தான் சொன்னேன். அப்படிப்பட்ட நாக்கு.

மைனி என்னைப் பார்த்தாள்.

படியிலிருந்து அந்தப் பிள்ளையும் பார்த்தது.

"கஷ்டம்தான் பிள்ளே," என்றேன்.

கையை நீட்டினேன்.

கரண்டியெல்லாம் அவளுக்குப் போதவில்லை. டப்பாவையே சாய்த்துக் கொட்டினாள். என் கை நிறைந்து, விரலிடுக்கில் வழிந்து, வாசல் கோலத்தில் சிந்தியது. டப்பாவின் அடி தெரிந்தது.

நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வை என்று சொல்ல வாய் வரை வந்தது.