ஸ்டேஷன் மாஸ்டரின் சாவு

"டாக்டர், ஸ்டேஷன் மாஸ்டர் செத்துட்டாரு. நானும் கூடத்தான் இருந்திருக்கேன். எப்படி செத்தாருன்னுதான் தெரியல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஸ்டேஷன்? கடம்பத்தூரா?"

"ரஷ்யா, டாக்டர்." சாம்சன் மடியிலிருந்த தடித்த மொழிபெயர்ப்பு நாவலைத் தூக்கிக் காட்டினான். பக்கத்தில் அவன் மனைவி ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள்.

இருமுனை மனநிலைக் கோளாறு என்று தெரிந்து, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவன் அவன். மனம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. கவனமும் ஞாபகமும் வர நாளாகும், தினம் கொஞ்சம் படியுங்கள் என்று டாக்டர்தான் சொல்லியிருந்தார். இன்று அவர் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தால், தேர்வாய் கண்டிகை கம்பெனியில் மறுபடி பிரஸ் மிஷின் முன்னால் நிற்கலாம்.

"மொதல்ல பனியில அவரு பூட்ஸ் காணாம போவுது. அப்புறம் ஒரு நொண்டிக் குதிரை. அதெல்லாம் பளிச்சுனு இருக்கு. அதுக்கப்புறம் தெனம் பிரிச்சா யாரோ புது ஆளு நிக்கிறான். ரஷ்யாக்காரன் பேராச்சே, கொழப்பத்தான் செய்யும்னு உட்டேன். நேத்து பிரிச்சா சாவு ஊடு! எல்லாரும் அழுவுறாங்க, நான் மட்டும் இன்னா ஏதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருக்கேன்."

டாக்டர் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். படித்த இடத்துக்கு அடையாளமாகக் காலி மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் காய்ந்துபோன கோதுமை மாவு.

"பாருங்க, சப்பாத்தி வேற தேச்சிக்கினே படிச்சிருக்கேன். அதுவும் ஞாபகம் இல்ல." சாம்சன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "சர்டிபிகேட் வேணாம் டாக்டர். இத்தினி பக்கத்தத் தொலைச்சவன், மிஷின்ல கையத் தொலைக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

டாக்டர் பெருமூச்சு விட்டு, அவன் ஃபைலை மூடப் போனார்.

"இருங்க சார்!" ஜெபா எழுந்தேவிட்டாள். கண் கலங்க, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பக்கத்துக்கு மேல நவுரலன்னு தெனம் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருந்தியேன்னு, மாவு பிசையிற கையோட நான்தான்யா அட்டையத் தள்ளித் தள்ளி வெச்சேன்!"